இடப்பக்கத்து மூன்று புள்ளிகள்

பாளையங்கோட்டை வாய்க்கால்கரைத் தெருவில், ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், பகல் பதினொன்று பத்துக்கு, சுகிர்தாவின் மடிக்கணினியில் நூறு சதவீதம் என்று பச்சை எழுத்து விழுந்த அந்த நொடியிலேயே, எங்கள் தெருவின் சத்தமெல்லாம் வெளிச்சமாகிப் போனது. மூன்றாம் வீட்டுக் குக்கர் விசிலடித்தது, விசில் காதுக்கு வரவில்லை, வெள்ளைக் கம்பமாக ஓட்டுக்கு மேலே எழுந்து நின்று அடங்கியது. பழைய இரும்புக்காரரின் ஸ்பீக்கர் பச்சை நாடாவாகத் தெருவை அளந்துகொண்டு போனது. நாய் குரைத்தது செம்மண் நிறத்தில் கட்டி கட்டியாக விழுந்தது. நான் கோமதிநாயகம் வீட்டில் ஏணிமேல் நின்று ஃபேன் கொக்கிக்குச் சுத்தியல் அடித்துக்கொண்டிருந்தேன், அடிக்கு ஒரு மஞ்சள் பூ பூத்து உதிர்ந்தது, ஷார்ட் ஆகிவிட்டது என்று இறங்கி ஓடி மெயினை அணைத்தேன், அணைத்த பிறகும் சுத்தியல் பூத்தது.

என் பெயர் ஆறுமுகநயினார், தெருவுக்கு நயினார் எலெக்ட்ரீஷியன். இந்தக் கதையில் நான் செய்த காரியம் நல்ல காரியம் இல்லை. வேறு யாராவது கண் காது வைத்துச் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

சுகிர்தாவின் கணவர் ஞானதிரவியத்துக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. எங்கள் ஊரிலேயே பார்வையற்றோர் பள்ளியில் படித்து, கீபோர்டு கற்று, சர்ச்சில் வாசித்து, வீட்டு முன்னறையில் ஒரு மைக்கும் ஒரு கணினியும் வைத்துக்கொண்டு, பாடத் தெரிந்தவர்களையும் பாடத் தெரிந்ததாக நினைத்துக்கொள்கிறவர்களையும் பதிவு செய்து கொடுத்துக்கொண்டிருந்த மனிதர். ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே தெருவை முழுக்க வைத்திருந்தார். ஒருநாள் நான் கடந்து போகும்போது, "நயினாரண்ணே, இடது செருப்பு வாரு அந்துரும் போலிருக்கே" என்றார். மறுநாள் அது அறுந்தது.

அவருக்கு ஒரு தொல்லை இருந்தது. பாட்டுப் பதிவுக்கு எக்கோ கொடுக்க, குரலைத் தடிமனாக்க, இரைச்சலை எடுக்க என்று சின்னச் சின்ன மென்பொருள்கள் உண்டு, பிளகின் என்பார்கள், பெரிய மென்பொருளுக்குள் செருகிக்கொள்வது. அவற்றில் திருகுகிற குமிழெல்லாம் திரையில் படமாகத்தான் இருக்கும், கண் தெரியாதவர் கையில் அகப்படாது. கணினி சொல்லிக்கொடுக்கும் நிலையத்தில் வேலை பார்த்த சுகிர்தா, நானே செய்து தருகிறேன் என்று இறங்கினாள். திருகத் திருக, எக்கோ முப்பது, எக்கோ நாற்பது என்று வாயால் சொல்கிற பிளகின். எல்லாக் கணினியிலும் ஓட வேண்டும் என்று பிடிவாதம். அவளுடையது லினக்ஸ் என்ற வகைக் கணினி, கனடாவிலிருந்து உதவி செய்த அவள் சித்தி மகன் கனிராஜுடையது மேக். அவன்தான், "யக்கா, கண்ணு தெரியுறவங்களுக்கும் ஏதாவது வேணும்லா?" என்று கேட்டு, சத்தத்துக்கு ஏற்ப ஏறி இறங்குகிற ஒரு விளக்கு வரிசையைச் சேர்க்கச் சொன்னது.

சத்தத்துக்கு ஒரு கோப்பு, விளக்குக்கு ஒரு கோப்பு. சுகிர்தா இரண்டுக்கும் தமிழிலேயே பெயர் வைத்தாள், ஒலி என்றும் ஒளி என்றும், ஆனால் ஆங்கில எழுத்தில். கைபேசியில் ஆங்கில எழுத்தால் தமிழ் தட்டுகிறவர்களுக்குத் தெரியும், சின்ன எல் போட்டால் ல, பெரிய எல் போட்டால் ள, மற்றபடி எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். எல்லாம் எழுதி முடித்துக் கனிராஜுக்கு அனுப்பினாள். அவன் பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டான். அவன் சொன்னதில் ஒரே ஒரு வரி, இரும்புக்காரரின் ஸ்பீக்கர் அந்த நேரம் பார்த்து ஜன்னலடியில் வந்து கத்தியதால், அவள் காதில் விழவில்லை. பரவாயில்லை என்று விட்டுவிட்டுக் கம்பைல் போட்டாள். எழுதியதைக் கணினிக்குப் புரிகிற மொழியாக அரைத்தெடுக்கிற வேலைக்கு அதுதான் பெயர். இருநூற்றுப் பதினான்கு கோப்புகள், அவளுடைய பழைய மடிக்கணினிக்கு ஐம்பது நிமிடம். ஒரு பிழைகூட இல்லாமல் முடிந்தது. அப்போதுதான் தெரு அப்படி ஆனது.

முதல் மூன்று நாள் பயந்தோம். காது டாக்டரிடம் ஆட்டோ ஆட்டோவாகப் போனோம். அன்று தெருவில் இருந்தவர்களுக்கு எங்கே போனாலும் அதே கதிதான், ஜங்ஷன் பஸ் ஹாரனும் எங்களுக்கு வெளிச்சமாகத்தான் வந்தது, டாக்டர் பேசப் பேச அவர் வாயிலிருந்து ஊதா நிறத்தில் வழிந்ததே தவிர ஒரு சொல் கேட்கவில்லை. வெளியூர்க்காரர்களுக்கோ தெருவுக்குள் நிற்கிற வரை எங்களைப் போல, வாய்க்கால் பாலத்தைத் தாண்டினால் பழையபடி. நாலாம் நாள் பயம் விட்டுப்போயிற்று. ஆளுக்கொரு சிலேட்டு வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டோம். சர்ச் மணி ஞாயிற்றுக்கிழமை தங்க வளையம் வளையமாக விரிந்து எங்கள் மொட்டைமாடிகளைத் தொட்டுக் கரைந்தபோது, இத்தனை வருஷம் இதைக் காதால் கேட்டு வீணடித்தோமே என்றுகூடத் தோன்றியது. புருஷன் பெண்டாட்டி சண்டை ஜன்னல் வழியே சிவப்பாகத் தெரிந்ததால் மானத்துக்குப் பயந்து சண்டையைச் சிலேட்டுக்கு மாற்றிக்கொண்டார்கள், சிலேட்டில் எழுத்துப்பிழை வந்து சிரிப்பில் முடிந்தது. பொய் சொன்னால் வெளிச்சத்தின் ஓரம் கறுக்கும் என்று யாரோ கிளப்பிவிட, இரண்டு நாள் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பிறகு அதுவே பொய் என்று தெரிந்தது, கிளப்பியவரின் வெளிச்சம் பளிச்சென்றுதான் இருந்தது.

எங்கள் தெருவிலேயே அதிகம் பெற்றவள் பேச்சி. பேச்சி என்று பெயர் வைத்தார்கள், பிறந்ததிலிருந்து காது கேட்காது, பேச்சும் வரவில்லை. திரவியம் வீட்டுக்கு நேர் எதிர்வீட்டில் தையல் மெஷின் போட்டிருந்தாள். கணவன் லாரியில் வடக்கே போய்விட்டால் மாதம் கழித்துத்தான் வருவான். ஆறு மாதப் பெண் குழந்தை. குழந்தை அழுதால் தெரிய வேண்டுமே என்று, அதன் காலிலிருந்து தன் மணிக்கட்டுக்கு ஒரு நூல் கட்டிக்கொண்டுதான் தைப்பாள், அது எத்தனையோ தடவை அறுந்துபோகும். இப்போது தொட்டிலில் குழந்தை சிணுங்கினால் வீடு முழுக்க இளஞ்சிவப்பு. முதல் தடவை அதைப் பார்த்தபோது தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டை அப்படியே போட்டுவிட்டு எழுந்து நின்று, அழுகிற குழந்தையை உடனே தூக்காமல், அது அழுவதைப் பார்த்துக்கொண்டே அவளும் அழுதாள். கை ஜாடையில் பேச எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான். ஒரே வாரத்தில் தெருவிலேயே அதிகம் பேசுகிறவள் அவள்தான் என்றாகிவிட்டது.

எல்லோருக்கும் ஒன்று போய் இன்னொன்று வந்தது. திரவியத்துக்கு மட்டும் இருந்த ஒன்றும் போனது. அந்த வெள்ளிக்கிழமை பகல் பதினொன்று பத்துக்கு, கீபோர்டின் மேல் கை வைத்தபடி, உலகம் அவரை விட்டுப் போய்விட்டது.

அவர் எழுந்து கத்தினார். எங்களுக்கு நீலமாகத் தெரிந்தது. அப்படி ஒரு நீலம் தெருவில் வேறு யார் குரலிலும் இல்லை. சுகிர்தா ஓடிவந்து அவர் உள்ளங்கையைப் பிடித்து, விரல் நுனியால் பிரெய்லி எழுத்தில் அழுத்தி அழுத்திச் சொன்னாள். கல்யாணமான புதிதில் அவருக்காகக் கற்றுக்கொண்ட எழுத்து. 'இருக்கேன். பயப்படாதீங்க. சரி பண்ணிருவேன்.' அவரும் அவள் கையில் அழுத்தினார். 'சீக்கிரம்.'

அவள் கனிராஜுக்குச் செய்தி அனுப்பினாள். 'எனக்கு நல்லா ஓடுதேக்கா' என்று பதில் வந்தது. அது உண்மைதான், அவன் கணினியில் ஓடியது. அவள் இங்கே ஒன்றை மாற்றி, அங்கே ஒன்றை மாற்றி, மறுபடி கம்பைல் போட்டாள், பாதியில் சிவப்பு எழுத்து விழுந்து நின்றது. மறுபடி மாற்றினாள், நின்றது. ஒன்பது தடவை போட்டு ஒன்பது தடவையும் நின்றது. ஒவ்வொரு தடவை நின்றபோதும் திரவியத்தின் நீலம் கொஞ்சம் மெலிந்தது. முதலில் அவள் அதைக் கவனிக்கவில்லை. ஆறாவது தடவை சந்தேகப்பட்டாள். ஒன்பதாவது தடவை, கதவளவு இருந்த நீலம் கையகலமாகச் சுருங்கியதைக் கண்ணால் பார்த்தாள். அதற்குப் பிறகு கம்பைல் போடவே கை வரவில்லை. இன்னும் இரண்டு மூன்று தடவை பாதியில் நின்றால் அந்த நீலம் அணைந்துவிடும், அதன் பிறகு அவர் இருப்பாரா என்று அவளுக்குத் தெரியாது. பின்னறையில் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தாள். தலையைத் தூக்கிப் பார்க்கும்போதெல்லாம் முன்னறைச் சுவரில் நீலம் விட்டு விட்டு மின்னுவது தெரியும், எப்போதும்போல ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்துக்கொள்வாள், அந்த மட்டில் ஒரு ஆறுதல், மறுபடி குனிந்துகொள்வாள்.

நாங்களும் அதை அப்படித்தான் ரசித்தோம். நேரே சொல்லிவிடுகிறேன், அந்த ஜன்னலுக்கு எதிரே நாற்காலி போட்டோம். பாலத்தைத் தாண்டி வேடிக்கை பார்க்க ஆட்கள் வரத் தொடங்கிய பிறகு, தெரு நலச் சங்கச் செயலாளர் கோமதிநாயகம், வரிசையில் நிற்கக் கயிறு கட்டினார், தெருமுனையில் 'ஒளித்தெரு' என்று வளைவு வைத்தார், எல்லோரையும் கூட்டிக்கொண்டு வந்து கடைசியில் காட்டுகிற இடம் அந்த ஜன்னல். நிமிடத்துக்கு ஒருமுறை நீலம் மின்னும். ஜனங்கள் கைதட்டுவார்கள், கைதட்டு சாம்பல் நிறத்தில் பொரியும். நான் வெயிலுக்கு அங்கே ஒரு தகரப் பந்தல்கூடப் போட்டுக்கொடுத்தேன்.

இரண்டாவது வாரம் புதன்கிழமை காலை பேச்சி, கையில் சிலேட்டோடு சுகிர்தா வீட்டுக்குள் போனாள். எங்களுக்கு வெளிச்சம் வேடிக்கை; அவளுக்கு அப்படி இல்லை. பிறந்த நாளிலிருந்து அடுத்தவர் உதட்டைப் பார்த்தே சொல்லைப் பிடித்தவள், இப்போது உதட்டோடு நிறமும் சேர்ந்து வரவே, எந்தச் சொல்லுக்கு எந்த அசைவு என்று பத்தே நாளில் படிக்கப் பழகியிருந்தாள். பின்னறையில் சுகிர்தா முன்னால் சிலேட்டை நீட்டினாள்.

'யக்கா, அண்ணன் பாடலை.'

சுகிர்தா அதைப் பார்த்துவிட்டுப் புரியாமல் அவள் முகத்தைப் பார்த்தாள். பேச்சி அழித்துவிட்டு எழுதினாள்.

'நேத்துலருந்து பாத்துக்கிட்டே இருக்கேன். ஒண்ணையேதான் சொல்லுதாவ. சுகிர்தா இருக்கியா. சுகிர்தா இருக்கியா. அவ்வளவுதான்.'

சுகிர்தா எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது, விழுந்த சத்தம் பழுப்பாகத் தரையில் தெறித்தது. போய் அவர் காலடியில் உட்கார்ந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அவர் திடுக்கிட்டு, பிறகு அவள் விரல்களை எண்ணிப் பார்ப்பதுபோலத் தடவினார். 'இருக்கேன்' என்று அழுத்தினாள். 'இருக்கேன். இருக்கேன்.' மறுபடி திரைக்கு முன்னால் போய் உட்கார அவளுக்கு மனசு வரவில்லை. ஆனால் கையில் எதைச் சொல்லிக்கொண்டிருப்பது? சொல்வதற்கு ஒன்றுமில்லாமல் சும்மா பிடித்துக்கொண்டிருந்தால் அவர் மறுபடி கேட்பார். மடிக்கணினியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, கம்பைல் பட்டியலிலிருந்த கோப்புப் பெயர்களை ஒவ்வொன்றாக அவர் உள்ளங்கையில் அழுத்த ஆரம்பித்தாள், ஜெபமாலை உருட்டுகிற மாதிரி, கண்டுபிடிப்பதற்காக இல்லை, கை சும்மா இருக்கக் கூடாது என்பதற்காக. குமிழ். அளவு. வாசல். எதிர்முழக்கம். குரல். ஒளி. பேச்சு. ஒளி. தாளம். அப்படி அப்படியே மத்தியானம் வரை.

பிரெய்லியில் ஓர் எழுத்துக்கு ஆறு இடம், இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் மூன்று. இடப்பக்கத்து மூன்று புள்ளியும் எழுந்து நின்றால் அது ல. வலப்பக்கத்து மூன்றும் நின்றால் ள. திரையைப் பார்க்கிறவருக்குச் சின்ன எல்லும் பெரிய எல்லும் ஒன்றுபோலத் தோன்றலாம், களைத்த கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், பதின்மூன்று நாளாகச் சுகிர்தாவின் கண் அதைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறது. உள்ளங்கைக்கு அப்படி இல்லை. இடது இடதுதான், வலது வலதுதான்.

இருநூற்றுப் பதினான்கும் முடிந்தன. திரவியம் அவள் கையைத் திருப்பி, மெதுவாக அழுத்தினார்.

'ஒளி ரெண்டு தடவ சொன்ன. ஒலி எங்க?'

அவள் திரையைப் பார்த்தாள். ஒலி இல்லை. எங்கேயுமே இல்லை. சத்தம் வேண்டும் என்று கேட்கிற இடமெல்லாம் பெரிய எல் நின்றுகொண்டிருந்தது. இரும்புக்காரர் சத்தத்தில் விழாமல்போன வரி என்ன என்று கனிராஜைக் கேட்டாள், அவனும் யோசித்து யோசித்து எழுதினான். 'ஒரே பேர்ல ரெண்டு ஃபைல் இருந்துச்சுக்கா. ஒண்ணு போதும்னு ஒண்ணத் தூக்கிட்டு, பட்டியல் முழுக்க மிச்சம் இருந்த பேரையே போட்டுட்டேன். அதச் சொன்னேனே.' அவனுடைய கணினிக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறில்லை, அங்கே ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துகொள்ளும். லினக்ஸ் மட்டும் சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொண்டது. ஒலி கேட்ட இடத்தில் எல்லாம் ஒளி கொடுத்தது. இவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் இருக்கும் என்று நாங்கள் தேடிக்கொண்டிருந்தோம்.

சுகிர்தா சரி செய்தாள். ஆனால் மறைக்கத் தெரியாத பெண், வியாழக்கிழமை தெருக் குழுவுக்குச் செய்தி போட்டாள்: 'நாளை காலை பத்து மணிக்குக் கம்பைல் போடுகிறேன். முடிந்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிடும். யாரும் பயப்பட வேண்டாம்.' யாரும் பயப்படவில்லை, கோபப்பட்டோம். ஞாயிற்றுக்கிழமை டிவிக்காரர்கள் வருவதாக இருந்தது. கோமதிநாயகம் சங்கத்தைக் கூட்டி, ஒளி தெருவின் பொதுச்சொத்து என்று தீர்மானம் எழுதி, பத்துப் பேரோடு போய் அவள் வாசலில் நின்று சிலேட்டைக் காட்டினார்.

'ரெண்டு நாளு பொறும்மா. ஞாயிறு முடியட்டும். ஊரே நம்மளப் பாக்கப் போவுது.'

சுகிர்தா அவர் சிலேட்டை வாங்கி அதிலேயே எழுதினாள். 'நேற்று மத்தியானத்துக்கு அப்புறம் அவங்க தண்ணியைத் தவிர ஒண்ணும் உள்ள எறக்கலை. அந்த நீலத்தைப் பாருங்க. ரெண்டு நாள் தாங்குமா, நீங்களே சொல்லுங்க.'

நாங்கள் ஜன்னலைப் பார்த்தோம். நீலம் உதட்டோரத்தில் ஒரு நூல் அளவுக்கு இருந்தது. பார்த்தோம், பார்த்துவிட்டு வந்துவிட்டோம். ஒவ்வொருவனும் அடுத்தவன் ஏதாவது சொல்வான் என்று இருந்துவிட்டோம்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கம்பைல் ஓடத் தொடங்கியது. சுகிர்தா முன்னறையிலேயே உட்கார்ந்திருந்தாள், மடிக்கணினி மேஜையில், வலது கை திரவியத்தின் கையில். ஜன்னல் வழியே திரையின் எண் எங்களுக்கும் தெரிந்தது. ஐந்து. ஒன்பது. பன்னிரண்டு. கோமதிநாயகம் என்னைப் பார்த்தார். சுகிர்தா வீட்டு வெளிச்சுவரில் மீட்டர் பக்கத்திலிருந்த ஃபியூஸ் பெட்டியைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். ஏணி வேண்டியிருக்கவில்லை. கை நீட்டினால் எட்டுகிற உயரம். இருபத்தெட்டு என்று திரையில் வந்தபோது ஃபியூஸைப் பிடுங்கி நான்தான் என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

உள்ளே மின்விசிறியின் சாம்பல் முனகல் சுவரிலிருந்து மறைந்தது. சுகிர்தா நிமிர்ந்து ஜன்னல் வழியே நேராக என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பற்றி நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவளுடைய பழைய மடிக்கணினியின் பேட்டரி பதினைந்து நிமிடத்துக்கு மேல் நிற்காது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் போன மாதம் அதைப் பார்த்துச் சொன்னவனே நான். தூக்கிக்கொண்டு வேறெங்காவது போகலாம் என்றால் திரவியத்தின் கை அவளை விடவில்லை. முப்பத்தொன்று. முப்பத்தைந்து. பாதியில் நின்றால் அந்த நூலும் அறுந்துவிடும். அது அவளுக்குத் தெரியும். கையை விடுவித்துக்கொள்ளவில்லை, திரையையும் நீலத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது எதிர்வீட்டிலிருந்து பேச்சி வந்தாள். இடுப்பில் குழந்தை இல்லை, கையில் தையல் கத்தரி. நேராகப் போய், ஞாயிற்றுக்கிழமைக்காகச் சங்கம் தெரு நீளத்துக்குக் கட்டியிருந்த சீரியல் விளக்கு வயரை நறுக்கினாள். பல்புகளைப் பிய்த்து எறிந்தாள். பல்லால் கடித்து நுனியை உரித்தாள். தன் தையல் மெஷின் மோட்டாருக்குப் போகிற எக்ஸ்டென்ஷன் வயரைத் தெருவுக்கு இழுத்துவந்து, இரண்டையும் முறுக்கி, முறுக்கின இடத்தைத் தையல் நூலால் சுற்றிக் கட்டினாள். கோமதிநாயகம் அவள் முன்னால் போய் நின்று அவசரமாக எழுதினார்.

'ஏ பேச்சி, நஷ்டம் ஒனக்குத்தாம்மா. பிள்ள அழுதா எப்படித் தெரியும்?'

அவள் சிலேட்டைப் பிடுங்கி எழுதியது பெரிய எழுத்தில், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி.

'எனக்கு இருவத்தெட்டு வருசமா ஒரு கதவுதான் அடச்சிருக்கு. அவியளுக்கு ரெண்டும் அடச்சிருக்கு.'

வயரின் மறுமுனையில் ஒரு பிளக் பாயிண்டை மாட்டி ஜன்னல் கம்பிக்குள் எறிந்தாள், சுகிர்தா ஒற்றைக் கையால் பிடித்துச் செருகினாள். திரை பிழைத்துக்கொண்டது. நாற்பத்தொன்று.

ஆனால் அந்த ஜாயின்ட்! தெருக்குழாய்த் தண்ணீர் ஓடுகிற ஈரத்தில் கிடந்தது, மேலே வெறும் பருத்தி நூல், உள்ளே உரித்த செம்பு, நூலிலிருந்து மெல்லப் புகை வந்தது. இன்னும் பத்து நிமிடம் தாங்காது. கரண்ட் வேலை தெரிந்தவன் கண் முன்னால் அப்படி ஒரு ஜாயின்ட்டைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. நான் மனம் திருந்தினேன் என்று யாரும் நினைக்க வேண்டாம், என் கைதான் போனது. பேச்சி வீட்டு ஸ்விட்சை அணைத்து, ஓடிவந்து, நூலை அறுத்து, செம்பைச் சரியாக முறுக்கி, டேப் சுற்றி, செங்கல் மேல் தூக்கி வைத்து, மறுபடி ஓடிப்போய் ஸ்விட்சைப் போட்டேன். அந்த இடைவெளியில் பேட்டரி எத்தனை சொட்டு பாக்கி வைத்திருந்ததோ, திரை அணையவில்லை. கோமதிநாயகத்தின் சிலேட்டு என் மூக்குக்கு நேரே வந்தது.

'எந்தக் கட்சிவே நீரு?'

நான் சட்டைப்பையிலிருந்து ஃபியூஸை எடுத்து அவர் கையில் வைத்தேன். அவர் அதைச் சூடான வடையை வாங்கினவர் மாதிரி இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டிருந்தார். பிறகு எல்லோரும் திரையைத்தான் பார்த்தோம். அறுபது. அறுபத்தாறு. எழுபத்தொன்பது. எண்பத்து மூன்றில் எண் நின்றது. ஒரு நிமிடம் நின்றது, இரண்டு நிமிடம் நின்றது. நீலம் ஒருமுறை மின்னி, நூலாகி, மயிரிழையாகி, போய்விட்டது. சுகிர்தா வாயைத் திறந்தாள், அவள் குரலின் நிறத்தை அதுவரை நான் பார்த்ததில்லை, பச்சையும் கறுப்புமாகக் கூரை வரை போனது. ஜன்னல் முன் நாற்காலியில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். எண்பத்து நாலு. எண்பத்து ஐந்து. அவர் விரல் அவள் உள்ளங்கையில் அசைவது எனக்குத் தெரிந்தது. தொண்ணூற்றொன்று. தொண்ணூற்றெட்டு.

நூறு.

முதலில் கேட்டது தண்ணீர். குழாய்த் தண்ணீர் கல்லில் விழுகிற சத்தம், இவ்வளவு பெரிய சத்தமா அது என்று காதைப் பொத்திக்கொண்டோம். பிறகு காக்கை, பிறகு பாலத்தில் போகிற பஸ், பிறகு நாங்களே. பதினான்கு நாள் அடக்கி வைத்ததெல்லாம் ஒரேயடியாக வாயில் வந்துவிட்டது, ஆளாளுக்கு ஒருவர் பெயரை ஒருவர் கூப்பிட்டுக்கொண்டும் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும், கோமதிநாயகம் "யம்மா, யம்மா" என்று காரணமில்லாமல் கத்திக்கொண்டும் நின்றோம். வெளிச்சம் எங்கேயும் இல்லை. வெறும் வெயில்.

பேச்சி தன் வாசலில் நின்று எங்கள் வாயையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் வயர் இருந்தது. ஒரே நிமிடத்தில் நாங்கள் எல்லோரும் அவளை விட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டோம். அவளிடம் ஜாடையில் ஒரு வார்த்தை சொல்ல எங்களில் ஒருவனுக்கும் தோன்றவில்லை, அத்தனை சந்தோஷம் எங்களுக்கு.

ஜன்னலில் திரவியம் எழுந்து நின்றார். சுகிர்தா அவர் தோளில் முகத்தைப் புதைத்து, "என்னங்க, கேக்கா? என்னங்க, நான் பேசுறது கேக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"கேக்கு" என்றார். குரல் கரகரத்துப் போயிருந்தது. பிறகு, "சத்தம் போடாத. புள்ள அழுவுது" என்றார்.

எங்களுக்கு அந்த அழுகை கேட்கவில்லை. நாங்கள் எங்களைக் கேட்டுக்கொண்டிருந்தோம். அவர் தலையைச் சாய்த்து, தெருவின் கூச்சலையெல்லாம் ஒதுக்கிவிட்டு, காதாலேயே எதிர்வீட்டுத் தொட்டில் வரை போய்ப் பார்த்துவிட்டுச் சொன்னார். "எதித்த வீட்ல. பேச்சி புள்ள. ரொம்ப நேரமா அழுவுது, யாரும் தூக்கல." ஜன்னல் கம்பியைத் தடவினார், வயர் கையில் அகப்பட்டது, அது யார் வீட்டுக்குப் போகிறது என்று சுகிர்தா ஏற்கெனவே அவர் உள்ளங்கையில் அழுத்திச் சொல்லியிருந்தாள். இழுத்தார். ஒன்று, இரண்டு, மூன்று.

செங்கல்லிலிருந்து என் ஜாயின்ட் எழும்பித் தெருவுக்குக் குறுக்கே விறைத்தது. பேச்சி கையிலிருந்த வயர் துள்ளியது. அவள் அதைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், அங்கே கண் தெரியாத ஒருவர் தன் இரண்டு கைகளையும் சேர்த்துத் தொட்டில் ஆட்டுகிற மாதிரி ஆட்டிக் காட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். உள்ளே ஓடினாள்.

மறுநாள் நான் யாரும் கேட்காமலே போய் அந்த வயரை எடுத்துவிட்டு, கப்பி வைத்து, நைலான் கயிறு கட்டிக்கொடுத்தேன், ஜன்னலிலிருந்து தையல் மெஷின் வரை, முனையில் சிவப்புத் துணி முடிந்து. டிவிக்காரர்கள் வரவில்லை. கனிராஜ், சத்தத்துக்கு எரிகிற விளக்கு ஒன்று அனுப்புகிறேன் என்று சொல்லி அனுப்பியும் விட்டான், தொட்டிலுக்கு மேல் அது நன்றாகத்தான் எரிகிறது. ஆனால் கயிற்றைக் கழற்றவா என்று கேட்டதற்குப் பேச்சி என் கையில் ஒரு அடி போட்டாள்.

அந்தக் கயிறு என் வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் நேரே தெரியும். ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை அது மூன்று மூன்றாகத் துள்ளும். துள்ளும்போதெல்லாம், அது எனக்கானது இல்லை என்று தெரிந்தும், செய்கிற வேலையை நிறுத்திவிட்டு, இருக்கேன் என்று சத்தமாகவே சொல்கிறேன்.